பஃப்ஸ் சாப்பிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை

கேள்வி: நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. மகளை வளர்த்தது முழுக்க என் மாமியார்தான். சர்க்கரை நோயால் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றரை வருடம் டயாலிசிஸில் இருந்து, போன மாசியில் தவறிவிட்டார். அவருக்காக நான் வடபழனி முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டேன். மகளும் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள் (ஒரே ஒரு வாரம் மட்டும் பள்ளியில் தோழியின் பிறந்தநாளுக்குச் சிக்கன் பஃப்ஸ் சாப்பிட்டுவிட்டாள், அதற்கு அடுத்த வாரம்தான் மாமியார் போனார்). இப்போது கோவிலுக்கு வருவதில்லை, விபூதி வைப்பதில்லை. "சாமியே இல்ல, இருந்தாலும் எனக்கு வேணாம்" என்கிறாள். ஆனால் தெருமுனைப் பிள்ளையாரைத் தாண்டும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை இரண்டு முறை பார்த்தேன். எல்லாம் செல்போனால் வந்தது என்கிறார் கணவர். நாத்தனார் மந்திரிக்கக் கூப்பிடுகிறார். வற்புறுத்திக் கோவிலுக்குக் கூட்டிப்போகலாமா? சின்னவன் வேறு "சாமிக்கு நம்ம வீட்டு அட்ரஸ் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

அன்புள்ள சகோதரி,

முதலில் கேட்டதற்குப் பதில். வற்புறுத்திக் கூட்டிப்போக வேண்டாம். மந்திரிக்கவும் வேண்டாம். தன்னிடம் ஏதோ கோளாறு என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிற பெண்ணை வேப்பிலையும் கையுமாக ஒருவர் முன்னால் உட்கார வைத்தால் அந்த நினைப்பு உறுதிப்பட்டுவிடும். செல்போனைப் பிடுங்குவதாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் வந்து நின்றேன். பஃப்ஸ், அடுத்த வாரம் பாட்டி. நீங்களே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உங்கள் மனதிலும் ஏதோ ஒரு மூலையில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான். உங்கள் மனதில் மூலையில் கிடக்கிற ஒன்று பதினைந்து வயதுப் பெண்ணின் மனதில் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்லக்கூடாது. ஆனாலும் இருபது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன்: தான் விரதத்தை முறித்ததால்தான் பாட்டி போய்விட்டார் என்று உங்கள் மகள் நம்புகிறாள், அப்படி ஒரு தண்டனையைக் கொடுத்த சாமியோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இருந்தாலும் எனக்கு வேணாம்" என்பது சண்டை போட்டுக்கொண்டவர்கள் பேசுகிற பேச்சு. கன்னத்தில் போட்டுக்கொள்வது பயம், திரும்பவும் யாரையாவது எடுத்துக்கொண்டுவிடுமோ என்கிற பயம். உங்களையோ தம்பியையோ. கோபமும் பயமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியாதா என்ன, அப்பாவிடம் கோபமாக இருக்கும் பிள்ளைகளும் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பதில்லையா?

தப்பு செய்தால் உலகமே தண்டிக்கும் என்கிற நினைப்பு பிள்ளைகளுக்கு மிகச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைச் சோதித்துப் பார்த்ததை எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். இரண்டு பேர் தோட்டத்தில் ஆப்பிள் திருடுகிறார்கள், காவல்காரர் வந்துவிடுகிறார், ஒருவன் மாட்டிக்கொள்கிறான், இன்னொருவன் தப்பித்து ஓடி உளுத்துப்போன ஒரு பாலத்தில் கால் வைக்க, பாலம் முறிந்து தண்ணீரில் விழுகிறான். அவன் திருடாமல் இருந்திருந்தாலும் விழுந்திருப்பானா? ஆறு வயதுப் பிள்ளைகளில் 86 சதவீதம் பேர் விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். பாலம் உளுத்தது என்று கதையிலேயே சொல்லியாகிவிட்டது, இருந்தும் அந்த மரத்துக்கும் இவன் திருடன் என்று தெரியும் என்பது போலப் பேசினார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அப்படிச் சொன்னவர்கள் 34 சதவீதம். அதாவது வயது ஏற ஏறக் குறைகிறது, ஆனால் காணாமல் போவதில்லை. துக்கம் வந்துவிட்டால் பெரியவர்களுக்கே அந்த ஆறு வயது திரும்பி வந்துவிடும். பிள்ளையை இழந்த வீட்டில் "எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற அம்மாவை நாம் பார்த்ததில்லையா, அது அந்த உளுத்த பாலம்தான்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு வாசகமே வைத்திருக்கிறோம். சாமி கண்ணைக் குத்தும். பொய் சொன்னால் குத்தும், படைப்பதற்கு முன்னால் கொழுக்கட்டையைத் தொட்டால் குத்தும், தம்பியைக் கிள்ளினால் குத்தும். சில வீடுகளில் உம்மாச்சி குத்தும். சர்ச்சுக்குப் போகிற வீட்டிலும் பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டிலும் சொற்கள் வேறு, வேலை ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளையைச் சமாளிக்க நம் கையில் அதிகாரம் போதவில்லை என்றால் சாமியிடமிருந்து கைமாற்று வாங்கிக்கொள்கிறோம், அப்புறம் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுகிறோம். இந்த வாசகம் எனக்கு உண்மையிலேயே பிடிக்காத ஒன்று, எத்தனையோ பிள்ளைகள் அதை என் அறைக்குச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். சொன்னவர்களுக்கு அது ஒரு நிமிடத்துப் பேச்சு. கேட்ட பிள்ளைக்கு, எப்போதும் விழித்திருந்து கணக்கு எழுதுகிற, கையில் ஊசி வைத்திருக்கிற ஒருவரோடு வாழ்கிற வாழ்க்கை.

பிள்ளைகள் மனதில் சாமி எப்படி உருவாகிறது என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு வயதுப் பையன், ராத்திரி தூங்க மறுக்கிறான் என்று கூட்டிவந்தார்கள். சின்னப் பிள்ளைகளிடம் நான் படம் வரையச் சொல்வேன், முதலில் வீட்டில் இருப்பவர்களை, அப்புறம் சாமியை. அவன் வரைந்த சாமிக்கு நாலு கை, கிரீடம், எல்லாம் காலண்டரில் பார்த்தபடியே இருந்தது, வலது பக்கத்துக் கை ஒன்றில் மட்டும் ஒரு கைக்கடிகாரம். சாமி என்ன செய்வார் என்று கேட்டேன். "நான் எத்தனை மணிக்குத் தூங்குறேன்னு எழுதி வெச்சுப்பாரு" என்றான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தார். நல்ல மனிதர், பிள்ளை மேல் உயிர், மகன் எழுகிற நேரம் படிக்கிற நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறவர். பையனுக்கு அப்பாவும் சாமியும் கலந்து ஓர் ஆளாகிவிட்டார்கள், அந்த ஆள் ராத்திரியில் போவதே இல்லை.

கடவுள் என்பது அப்பாவின் பெரிய நிழல்தான் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது கொஞ்சம் அவசரமான முடிவு என்பது என் எண்ணம். 1979-ல் ஆனா மரியா ரிசூட்டோ என்கிற மனநல மருத்துவர், தன்னிடம் வந்தவர்களைக் குடும்பத்தையும் கடவுளையும் வரையச் சொல்லி, அவர்கள் வாழ்க்கையையும் கூடவே விசாரித்து எழுதியது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அப்பா மட்டும் போதாது, அம்மா, பாட்டி, தாத்தா, அவர்கள் முகம் கொடுத்த விதம், கொடுக்காத விதம், எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையின் மனதில் கடவுளின் உரு அமைகிறது, கோவில் வாசலுக்கு வருகிற பிள்ளை தன் சொந்தக் கடவுளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வருகிறது என்கிற பொருளில் அவர் சொல்கிறார். அதற்கு அப்புறம் வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள். பெற்றவர்களிடம் பாதுகாப்பாக உணர்ந்த பிள்ளை, அதே நம்பிக்கையோடு அவர்கள் கும்பிடுகிற சாமியையும் ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் அது கிடைக்காத பிள்ளைகளில் சிலர், கிடைக்காததைச் சாமியிடம் தேடிப் போகிறார்கள். இதை வைத்துக் கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லிவிட முடியாது. அது என் வேலையும் இல்லை. மனதில் அந்த உரு எப்படி வந்தது என்பது வரைதான் என் படிப்பு என்னைக் கூட்டிப்போகும்.

உங்கள் சின்னவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அது அழகான கேள்வி, அக்காவைப் புரிந்துகொள்ளவும் உதவும். 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பிஸ்கட் பெட்டிக்குள் கற்களைப் போட்டுவைத்துச் சின்னப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். மூடிவிட்டுக் கேட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மா நினைப்பாள், கடவுள் என்ன நினைப்பார்? மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அம்மாவும் கல் என்றுதான் சொல்வாள், கடவுளும் கல் என்றுதான் சொல்வார், இருவருக்கும் எல்லாம் தெரியும். ஐந்து, ஆறு வயதில்தான் பிரிகிறது. அம்மா ஏமாந்துபோவாள், பிஸ்கட் என்பாள், கடவுளுக்கு மட்டும் கல் என்று தெரியும். யோசித்துப் பாருங்கள், அம்மாவுக்கு எல்லாம் தெரியாது என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிற வயதும், அப்படியானால் எல்லாம் தெரிந்தவர் யார் என்று தேடுகிற வயதும் ஒன்றுதான். உங்கள் மகன் அங்கேதான் நிற்கிறான். சாமிக்கு நம் வீட்டு அட்ரஸ் தெரியுமா என்றால், நம்மைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறான். வீட்டில் ஒரு சாவு நடந்து இன்னும் வருடம் திரும்பவில்லை, கேட்கமாட்டானா? அவனை மடியில் உட்கார வைத்து "அம்மா இங்கதான் இருக்கேன், அப்பா இருக்காரு, அக்கா இருக்கா" என்று முதலில் சொல்லுங்கள். சாமியைப் பற்றி உங்கள் நம்பிக்கை எதுவோ அதை அப்புறம் சொல்லலாம்.

அக்கா நிற்கிற இடம் வேறு. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு "அப்படியானால்" என்று தொடுத்துத் தொடுத்து யோசிக்கிற திறமை வந்துவிடுகிறது. சாமிக்கு எல்லாம் தெரியும், சாமி நல்லவர், சாமியால் எதுவும் முடியும், அப்படியானால் பாட்டிக்கு ஏன்? பெரிய பெரிய ஞானிகளைத் தூங்கவிடாத கேள்வி, உங்கள் மகள் அதைக் கணக்கு நோட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அதோடு இந்த வயதில் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்கிற உணர்வும் சேர்ந்துகொள்ளும், முகப்பரு ஒன்று வந்தாலும் மொத்தத் தெருவும் அதைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். யாருமே பார்க்காதபோதும் இப்படித் தோன்றுகிற வயதில், எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு சாமி எவ்வளவு பாரமாக இருப்பார்!

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மாதாமாதம் அந்த மூன்று நாள் உங்கள் வீட்டில் எப்படி நடக்கிறது? பூஜை அறைப் பக்கம் போகாதே, விளக்கைத் தொடாதே என்று உண்டா? பெரும்பாலான வீடுகளில் உண்டு, அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் பாட்டிதான். தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அதே பாட்டி ஒரு நாள் "தள்ளி நில்லு, சாமிக்கு ஆகாது" என்று சொல்லும்போது, பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கேட்பது சாஸ்திரம் அல்ல, தன் உடம்பு சாமிக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். சாமியை விட்டு விலகிய பெண் பிள்ளைகள் பலர் என்னிடம் இந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இப்போதாவது அதை நிறுத்துங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, என்ன செய்வது?

மாமியாரின் மருத்துவ ஃபைல் வீட்டில் இருக்கும், டயாலிசிஸுக்குப் போனவர்கள் வீட்டில் அது தலையணை கனத்துக்கு இருக்கும். அதை எடுத்து முதலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்குங்கள். சிறுநீரகம் பழுதாக ஆக ரத்தத்தில் ஏறுகிற யூரியா, கிரியாட்டினின் அளவுகள் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இருக்கும். டயாலிசிஸ் தொடங்கியதற்கு முன்னாலேயே அவை எவ்வளவு ஏறியிருந்தன என்று பாருங்கள். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுப்பது ஒரு வாரத்து வேலை அல்ல, பல வருடங்களாக அதன் வடிகட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்திக்கொண்டு வருவது, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதயமும் கூடவே பலவீனப்பட்டுப்போகும். இந்தக் காகிதங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தம்பி தூங்கின பிறகு, மகளோடு தரையில் பரப்பிவைத்துக்கொண்டு பாருங்கள். பாடம் நடத்த வேண்டாம். "நீ ஏழாவது படிக்கறப்பவே பாட்டிக்கு இவ்ளோ இருந்திருக்கு பாரு, அப்ப நமக்குத் தெரியல" என்று காட்டுங்கள். அவளே தேதிகளைப் பார்ப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமையை அவள் மறந்திருக்க மாட்டாள், மனதுக்குள் அதை ஒவ்வொரு தேதியோடும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அப்புறம் நீங்களாகவே அதை எடுங்கள், அவள் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் ஆகலாம். "அன்னிக்கு நீ பஃப்ஸ் சாப்பிட்டதுக்கும் பாட்டி போனதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு. அது தப்பு. பாட்டிக்குத் தெரிஞ்சிருந்தா, இன்னும் ஒண்ணு வாங்கித் தந்திருப்பாங்க." உங்கள் மாமியார் அப்படிப்பட்டவராக இருந்தால் மட்டும் கடைசி வரியைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும். அவள் அழுதால் அழட்டும். நீங்களும் அழுதால் பரவாயில்லை. "அப்படில்லாம் நான் நெனைக்கவே இல்ல" என்று எழுந்துபோனாலும் விடுங்கள், சொன்னது அவளோடு போயிருக்கும். என் ஊகமே தப்பாக இருந்தாலும் இதைச் சொன்னதால் அவளுக்கு ஒரு கெடுதலும் வராது.

இந்தப் பேச்சின் முடிவில் "அப்போ நாளைக்குக் கோவிலுக்கு வரியா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேசியதெல்லாம் அதற்காகத்தானா என்று ஆகிவிடும்.

சாமியிடம் கோபப்பட்டால் தெய்வ குற்றம் ஆகிவிடும் என்று உங்கள் நாத்தனார் பயப்படலாம். அவரிடம் சுந்தரர் கதையைச் சொல்லுங்கள், நடந்த இடமும் தூரமில்லை, திருவொற்றியூர். உன்னைப் பிரியமாட்டேன் என்று, தான் மணந்த சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது அவருக்கு. நம் ஊரின் கண்ணைக் குத்தின கதை என்றால் அதுதான். ஆனால் அதற்கு அப்புறம் அவர் பயந்து ஒடுங்கிப்போகவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்து, இன்னொன்றுக்காகத் திருவாரூர் போனபோது, நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று சிவனை நேருக்கு நேர் ஏசியே பாடினார், அந்தப் பதிகத்தை இன்றும் தேவாரத்தில் ஓதுகிறார்கள். சாமியைத் திட்டிய பாட்டைச் சாமி முன்னாலேயே பாடுகிற மரபு நம்முடையது. உங்கள் மகளின் கோபத்துக்கும் அதில் இடம் உண்டு.

ஒருவேளை இந்தப் பயமும் குற்ற உணர்வும் எல்லாம் கரைந்த பிறகும், யோசித்து யோசித்து, தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றே அவள் சொல்லலாம். பெரியார் திடல் இருக்கிற ஊரில் அது புதிதும் அல்ல, நோயும் அல்ல. அப்போது அது அவள் நிதானமாக எடுத்த முடிவு, உங்களுக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் அது அவளுடையது. இப்போது அவள் இருப்பது அந்த நிதானம் இல்லை என்பதுதான் என் கவலை.

சிலவற்றைக் கவனித்துக்கொண்டிருங்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வது இத்தனை முறை என்று எண்ணிச் செய்வதாக மாறினாலோ, ஒன்று விட்டுப்போனால் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினாலோ, கை கழுவுவது அதிகமானாலோ, சாமியைப் பற்றி அசிங்கமான நினைப்பு வருகிறது என்று சொல்லி அழுதாலோ தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வேண்டாத நினைப்பு எல்லாருக்கும் எப்போதாவது வந்துபோகும், அதைப் பாவம் என்று பயந்து விரட்ட விரட்டத்தான் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனாலோ, பாட்டியிடமே போய்விடலாம் என்பது போல ஒரு வார்த்தை வந்தாலோ அன்றே பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலிமானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் கணவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். போனது அவருடைய அம்மா. செல்போன், செல்போன் என்று அவர் கத்துவதிலும் எனக்குக் கொஞ்சம் துக்கம் கேட்கிறது, அந்த மனிதர் அழுதாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஃபைலைப் பரப்பும் ஞாயிற்றுக்கிழமை அவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது, ஒன்றும் பேசாவிட்டாலும் சரி.

எங்கே தவறினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். விரதம் இருந்தால் பாட்டி பிழைத்துவிடுவார் என்று அந்தப் பிள்ளை நம்பியபோது யாரும் அவளைக் கூப்பிட்டு, வேண்டிக்கொள்வது நம் அன்பு, பிழைப்பதும் போவதும் அதற்குக் கட்டுப்பட்டது இல்லை என்று சொல்லவில்லை. நீங்களும் அப்போது அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தீர்கள், வேறு எப்படி இருக்க முடியும்? அது ஒன்றுதான். இப்போது சொல்லலாம்.

வரும் மாசியில் தலைத்திவசம் வருகிறது, அவளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிற நேரமும் அதுதான். ஆகவே டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் பேசிவிடுங்கள், பரீட்சைக்கு நடுவில் வேண்டாம். ஃபைலில் ஏதாவது ரிப்போர்ட் குறைந்தால் டயாலிசிஸ் செய்த இடத்திலேயே பதிவு வைத்திருப்பார்கள், கேட்டால் நகல் கொடுப்பார்கள். திவசத்தன்று அவள் கும்பிட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாட்டிக்குப் பிடித்தது என்ன என்று மட்டும் அவளிடம் கேட்டு, அதை அவளையே சமைக்கச் சொல்லுங்கள்.